‘அல்சர்’ என்று சொல்லி வைத்திருக்கிறேன்

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு வயது 28. திருச்சியில் ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். நான்கு ஆண்டுகளுக்கு முன் மலத்தில் ரத்தம் வந்தது. மூலம் என்று வைத்தியம் பார்த்ததிலேயே எட்டு மாதம் ஓடிவிட்டது. பிறகு கொலோனோஸ்கோபி செய்து, அல்சரேட்டிவ் கோலைடிஸ் என்றார்கள். பெருங்குடலின் உட்சுவரில் புண். மருந்தால் கட்டுக்குள் வைக்கலாம், அடியோடு போகாது என்றார் டாக்டர். தினமும் மெசலமைன் மாத்திரை, நோய் கிளம்பினால் ஸ்டீராய்டு.

யாரிடமும் மூச்சு விடாதே என்கிறார் அம்மா. வரன் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அலுவலகத்தில் ‘அல்சர்’ என்று சொல்லி வைத்திருக்கிறேன். நேரத்துக்குச் சாப்பிட்டால் சரியாகிவிடும் என்று ஆளுக்கொரு மோர் பாக்கெட் வாங்கித் தருகிறார்கள்.

போன மாதம் அலுவலக வேலையாக எல்லோரும் வேனில் சென்னைக்குப் போனோம். முதல் நாள் மதியத்திலிருந்தே நான் எதுவும் சாப்பிடவில்லை. அப்படியும் விக்கிரவாண்டி தாண்டியதும் வயிறு பிசைந்தது. திண்டிவனம் வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். ஒரு துணிக்கடை முன் நிறுத்தச் சொல்லி ஓடினேன். கழிப்பறை ஊழியர்களுக்கு மட்டும்தான் என்றார்கள். பையில் மாற்றுடை வைத்திருந்தேன் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

சென்ற வாரம் மருத்துவமனையில் காத்திருந்தபோது மூன்றாம் முறையாக எழுந்தேன். பக்கத்து நாற்காலி அம்மாள், “பையை வைத்துவிட்டுப் போம்மா, எனக்கும் இதேதான்” என்றார். இத்தனை ஆண்டில் ‘எனக்கும்’ என்று ஒருவர் சொல்லிக் கேட்டது அன்றுதான். திரும்பி வந்தபோது அவரை உள்ளே கூப்பிட்டிருந்தார்கள். என் பை நர்ஸின் மேஜை மேல் இருந்தது. பெயரைக்கூடக் கேட்கவில்லை.

இந்த நோயைப் பற்றி நான் வெளியே பேசலாமா? பேசினால் என் கல்யாணம் என்னாகும்?

வாசகி, திருச்சி

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த அம்மாளைக் கண்டுபிடியுங்கள். அவருடைய எண்ணை நர்ஸ் தர மாட்டார், தரவும் கூடாது. உங்கள் எண்ணை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்து, அவர் விரும்பினால் கூப்பிடட்டும் என்று சொல்லுங்கள். இதே நோய் உள்ளவர்களின் குழுக்களும் இருக்கின்றன, டாக்டரிடம் கேளுங்கள். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: குழுக்களில் அதிகம் எழுதுபவர்கள் அந்த நேரத்தில் அவதிப்படுபவர்கள். நோய் அடங்கியிருப்பவர்கள் தங்கள் வேலையைப் பார்க்கப் போய்விட்டிருப்பார்கள். அங்கே படிப்பதையெல்லாம் உங்கள் ஜாதகமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ரத்தம் நின்றுவிட்டதே என்று யார் பேச்சையாவது கேட்டு மெசலமைனை நிறுத்தவும் வேண்டாம்.

மோர் விஷயத்தில் சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். ஆனால் ‘அல்சர்’ என்ற சொல் உங்களைக் காப்பாற்றவில்லை. அதற்கு மோர் கிடைக்கிறது, கழிப்பறை கிடைக்கவில்லை. மேலாளரிடம் இவ்வளவு சொன்னால் போதும்: “பெருங்குடலில் நாள்பட்ட அழற்சி. அவசரமாகக் கழிப்பறை தேவைப்படும், அதனால் வெளியூர் என்றால் ரயிலில் போகிறேன்.” டாக்டரின் சான்றிதழை இணைத்துவிடுங்கள். ரத்தம், மாற்றுடை எதுவும் அவருக்குத் தெரிய வேண்டியதில்லை.

திண்டிவனத்தில் நடந்தது அமெரிக்காவிலும் நடந்தது. ஆலி பெயின் என்ற 14 வயதுப் பெண்ணுக்குக் குடலைத் தாக்கும் கிரோன் நோய். கடையில் ஊழியர் கழிப்பறையை அவளுக்கு மறுத்தார்கள். அவளும் அவள் அம்மாவும் சட்டமன்ற உறுப்பினரிடம் போனார்கள். இப்படிப்பட்ட நோயாளிகளுக்குக் கடைகள் ஊழியர் கழிப்பறையைத் திறந்துவிட வேண்டும் என்று 2005-இல் இல்லினாய் மாநிலத்தில் சட்டம் வந்தது. பிறகு வேறு பல மாநிலங்களும் அதைப் பின்பற்றின. நம் நாட்டின் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. உங்கள் நோயின் பெயர் அதில் இல்லை. யாராவது கேட்டுத்தான் ஆக வேண்டும். நீங்கள்தான் கேட்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். மே 19 உலகக் குடல் அழற்சி நோய் தினம். அன்று உங்கள் மருத்துவமனையில் கூட்டம் நடந்தால், கடைசி வரிசையில் போய் உட்கார்ந்து கேட்டுவிட்டு வாருங்கள். பேசத் தோன்றும்போது பேசிக்கொள்ளலாம்.

பயணத்துக்காகப் பட்டினி கிடப்பதை டாக்டரிடம் சொல்லிவிட்டீர்களா? ஸ்டீராய்டு எடுக்கும் நாட்களில் தூக்கம் கெட்டாலோ, காரணமில்லாமல் அழுகை வந்தாலோ அதையும் சொல்லுங்கள். அந்த மருந்துக்கு அப்படி ஒரு குணம் உண்டு.

கல்யாண விஷயத்தில் உங்கள் அம்மாவின் பயம் எனக்குப் புரிகிறது, அவர் சொல்லும் வழி சரியில்லை. தினமும் விழுங்கும் மாத்திரையை எந்தப் புகுந்த வீட்டில் ஒளித்து வைப்பீர்கள்? ஊருக்குச் சொல்ல வேண்டாம். மாப்பிள்ளையிடம், நிச்சயத்துக்கு முன்பே, தரகர் மூலமாக இல்லாமல் நீங்களே சொல்லுங்கள். குழந்தை பற்றிக் கேட்பார்கள். நோய் அடங்கியிருக்கும்போது டாக்டரிடம் கேட்டுத் திட்டமிட்டு, நல்லபடியாகப் பெற்றெடுத்தவர்கள் ஏராளம். கேட்டதும் விலகிப் போகிறவர்களும் இருப்பார்கள். அது வலிக்கத்தான் செய்யும்.

அடுத்த முறை மருத்துவமனைக்கு அம்மாவையும் அழைத்துப் போங்கள். அந்த அம்மாள் வந்திருந்தால், அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, நீங்கள் மருந்து வாங்கப் போய்விடுங்கள்.