ரீல் மாற்றும் நேரம்

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு வணக்கம்.

எனக்கு 48 வயது. சுங்கை சிப்புட்டில் பாலர் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். ரப்பர்த் தோட்டத்தை விட்டு வந்து இந்தத் தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், வீடு வாங்கி 15 ஆண்டுகள் ஆகின்றன. மகள் கோலாலம்பூரில் படிக்கிறாள். மகன் படிவம் ஐந்து, இடைநிலைப் பள்ளியின் கடைசி ஆண்டு. மகள் விடுமுறைக்கு வந்தால் இரவு எட்டரைக்கு நால்வரும் உட்கார்ந்து ஒரு தமிழ்ப்படம் பார்க்க வேண்டும். என் ஆசை அவ்வளவுதான். இது பெரிய ஆசையா?

படத்தை நான்தான் தேடி எடுக்கிறேன். வேறு யாருக்கும் அந்த அக்கறை இல்லை. பாதிப் படத்தில் மகள் கைப்பேசியை எடுத்துவிடுகிறாள். கதாநாயகன் அழும் இடத்தில் மகன் திரையின் அடியில் ஓடும் மலாய் மொழிபெயர்ப்பு வசனத்தில் பிழை கண்டுபிடித்துச் சிரிக்கிறான். பேசாமல் பாருங்கள் என்று எத்தனை முறைதான் சொல்வது? கணவர் ஓரிடத்தில் உட்காருவதே இல்லை. நடுவில் எழுந்துபோய் அடுப்படியை உருட்டுகிறார். தே-ஓ என்ற பால் கலக்காத தேநீரைக் கலந்து வந்து, திரையை மறைத்துக்கொண்டு என் பக்கத்தில் வைக்கிறார். பிறகு வாசலில் போய் நின்றுவிடுகிறார். இரண்டே முக்கால் மணி நேரப் படத்தை ஒருநாளாவது முழுதாகப் பார்த்தாரா?

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் போடுவார்கள். மாலையிலேயே பாயை விரித்து இடம் பிடிப்போம். ரீல் மாற்ற நிறுத்தினால் கச்சான் கடலை கொறித்துக்கொண்டு காத்திருப்போம். ஒருவரும் எழுந்து போகமாட்டார்கள். இன்று சொந்த வீட்டில், மெத்தை நாற்காலியில் உட்கார இவர்களுக்கு வலிக்கிறது.

போன வாரம் மகள், "இன்றைக்குப் படம் வேண்டாம்மா, சும்மா பேசிக்கொண்டிருப்போம்" என்றாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அடுத்த ஆண்டு மகனும் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய மெட்ரிகுலேசன் படிப்புக்குப் போய்விடுவான். பிறகு வீட்டில் நானும் அவரும்தான். கல்யாணமாகி இந்த 23 ஆண்டுகளில் நாங்கள் இருவர் மட்டும் உட்கார்ந்து ஒரு படம்கூடப் பார்த்ததில்லை, என்ன பேசுவதென்றே தெரியாது. அது போகட்டும். இந்தக் கைப்பேசிப் பழக்கத்தை எப்படி நிறுத்துவது? நான்தான் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன்.

— சுங்கை சிப்புட் வாசகி

அன்புச் சகோதரிக்கு,

"அது போகட்டும்" என்று எழுதினீர்களே, அதைப் போகவிட எனக்கு மனமில்லை. கைப்பேசிதான் போகட்டும். இருபது வயதுப் பெண் இரவு ஒன்பதரைக்குக் கைப்பேசியைப் பார்ப்பதற்கு ஆலோசனை கேட்டு யாரும் இவ்வளவு நீளக் கடிதம் எழுதுவதில்லை.

மகள் பேசலாம் என்றாள். நீங்கள் அழுதீர்கள். விடுமுறையில் குடும்பம் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் ஆசையென்றால் அது கொண்டாட வேண்டிய இரவல்லவா? படம் ஓடினால் யாரும் பேச வேண்டியதில்லை. பிள்ளைகள் நடுவில் உட்கார்ந்தால் நீங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்க்க வேண்டியதும் இல்லை. இருவருக்கிடையே இறுக்கம் வந்தால் மூன்றாவது ஆளை உள்ளே இழுத்துக்கொள்வதை முர்ரே போவன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் முக்கோணம் என்று விளக்கினார். உங்கள் வீட்டில் இழுக்கப்படுபவர்கள் பிள்ளைகள். அந்தச் சுமை அவர்களுக்குத் தெரிகிறது. ஒருத்தி கைப்பேசிக்குள் போகிறாள், ஒருவன் வசனத்தில் பிழை பிடிக்கிறான்.

இனி நான் சொல்வது உங்களுக்குப் பிடிக்காது. கடிதத்தைத் திரும்பப் படித்துப் பாருங்கள். ஒரு மனிதர் படம் ஓடும் இரவுகளில் எழுந்துபோய் மனைவிக்குத் தே-ஓ கலந்து கொண்டுவந்து வைக்கிறார். அதை நீங்கள் குற்றப் பட்டியலில் சேர்த்திருக்கிறீர்கள். திரையை மறைத்தாராம்! படத்தின் நீளத்தை எழுதிய நீங்கள், அவர் என்ன வேலை செய்கிறார் என்பதைக்கூட எழுதவில்லை. வாசலில் நிற்பவர் படம் பிடிக்காமல் நிற்கிறாரா, பேசாமல் பாருங்கள் என்ற அதட்டல் தனக்கும் சேர்த்துத்தான் என்று நினைத்து நிற்கிறாரா, எனக்குத் தெரியாது. 23 ஆண்டுகளில் நீங்களாவது கேட்டிருக்கலாம்.

திடலை எழுதினீர்கள். நானும் தோட்டத்துப் பிள்ளைதான். ரீல் மாற்றும் அந்தச் சில நிமிடங்களில்தான் ஊரே பேசும். யார் வீட்டில் விசேஷம், எந்த மரத்தில் பால் குறைந்தது, எல்லாம் அப்போதுதான் தெரியவரும். இன்று உங்கள் வீட்டில் ரீல் மாறுவதே இல்லை. அடுப்படிக்குப் போய் அந்த இடைவேளையை உண்டாக்குபவர் உங்கள் கணவர் ஒருவர்தான்.

அமெரிக்காவின் ரோச்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். புதுமணத் தம்பதிகள் சிலரை ஒரு மாதத்தில் ஐந்து படங்கள் பார்க்கச் சொல்லி, ஒவ்வொன்றையும் பார்த்த பின் தங்கள் வாழ்க்கையோடு ஒப்பிட்டுப் பேசச் சொன்னார்கள். எந்தப் பயிற்சியும் பெறாதவர்களில் 24 விழுக்காட்டினர் மூன்றாண்டுகளில் பிரிந்திருந்தார்கள். படம் பார்த்துப் பேசியவர்களில் அது 11 விழுக்காடு. நீங்கள் புதுமணத் தம்பதி அல்ல, அதனால் இதை மருந்துச்சீட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் அங்கே படம் முடிந்த பிறகுதான் வேலையே தொடங்கியது என்பதைக் கவனியுங்கள்.

மகள் இருக்கும்போதே ஒருநாள் பிள்ளைகளை இரவுச் சந்தைக்கு அனுப்பிவிடுங்கள். படத்தை அவர் தேர்ந்தெடுக்கட்டும், சண்டைப்படமாக இருந்தாலும் சரி. அவர் எழுந்ததும் படத்தை நிறுத்திவிட்டு நீங்களும் பின்னால் அடுப்படிக்குப் போங்கள். என்ன பேசுவதென்று தெரியாமல் முதல்நாள் இருவரும் தண்ணீர் கொதிப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பீர்கள். நில்லுங்கள்.

அடுத்த கடிதத்தில் படத்தைப் பற்றி எழுத வேண்டாம். அவர் கலக்கும் தே-ஓவில் சீனி எத்தனை கரண்டி போடுகிறார் என்று எழுதுங்கள்.