சேகரிப்பில் புதிதாக ஒரு குதிரையைச் சேர்க்கும் முன் எதைப் பார்ப்பீர்கள்?

பிரேயர் நிறுவனத்தின் பிளாஸ்டிக் பொம்மைக் குதிரைகளைச் சேகரிக்கத் தொடங்கி ஆறு மாதத்தில் அலமாரி நிறைந்துவிட்டது, இனி எதை வாங்குவது, எதை விடுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் குதிரையைக் கையில் எடுத்ததும் தலைகீழாகத் திருப்பிவிடுவேன். வயிறு, பின்னங்காலின் உட்புறம், குளம்பு. முகம் அப்புறம்தான். முகத்தைப் பார்த்து வாங்கியதில்தான் உங்களைப் போலவே என் அலமாரியும் ஒரு காலத்தில் நிறைந்தது.

நியூஜெர்சிக்கு வந்த புதிதில், ஒரு யார்டு சேலில் என் மகள் பிடிவாதம் பிடித்து வாங்கிய வெள்ளைக் குதிரையில் தொடங்கியது இது. அவள் கல்லூரிக்குப் போய்விட்டாள், குதிரைகள் என்னிடம் தங்கிவிட்டன. இப்போது 63 இருக்கின்றன. ஒரு கட்டத்தில் எனக்கு நானே ஒரு எல்லை போட்டுக்கொண்டேன்: சிகாகோவில் செய்த காலத்துக் குதிரைகள் மட்டும்.

பிரேயர் 1943-இல் சிகாகோவில் தொடங்கிய பிளாஸ்டிக் வார்ப்பு நிறுவனம். குதிரை செய்யும் எண்ணமே அவர்களுக்கு இருந்ததில்லை. 1950 வாக்கில் ஒரு கடிகார நிறுவனம், மேசைக் கடிகாரத்தின் பக்கத்தில் நிறுத்த ஒரு குதிரை செய்து தரச் சொன்னது. அந்த வேலை முடிந்த பிறகு அச்சு பிரேயரிடமே தங்கிவிட்டது. கடிகாரம் இல்லாமல் குதிரையை மட்டும் விற்றுப் பார்த்தார்கள், ஆட்கள் தேடி வந்து வாங்கினார்கள். வெஸ்டர்ன் ஹார்ஸ் என்ற பெயரில் வந்தது அதுதான். 1984-இல் ரீவ்ஸ் நிறுவனம் பிரேயரை வாங்கியது, பிறகு தொழில் நியூஜெர்சிக்கு வந்தது. என் எல்லைக்கோடு அங்கே.

இந்த ஆண்டு என் வீட்டுக்கு வந்தவற்றில் ஒன்றைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன். பழைய சாமான் சந்தையில், சாவிக்கொத்தும் ஸ்பூன்களும் கிடந்த அட்டைப் பெட்டிக்குள் ஓடும் குட்டி ஒன்று கிடந்தது. செம்பழுப்பு உடல், கருப்புப் பிடரி, நாலு கால் பாய்ச்சல். பல காலம் பிரேயரின் பெரும்பாலான வடிவங்களைச் செதுக்கிய கிறிஸ் ஹெஸ்ஸின் கைவேலை. இந்தக் குட்டி ஒன்றும் அரிதானது இல்லை, என்னிடமே ஒன்று இருக்கிறது. வழக்கம்போலத் திருப்பினேன். குளம்போரம் தேய்ந்திருந்த இடத்தில் பழுப்பு வண்ணத்துக்குக் கீழே சுண்ணாம்பு போல ஒரு வெள்ளைப் பூச்சு, அதற்கும் கீழே பச்சை! கை நடுங்கிவிட்டது.

1973-இல் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியை நிறுத்திய பிறகு பிளாஸ்டிக்குக்குத் தட்டுப்பாடு வந்தது. வழக்கமான வெள்ளைப் பிளாஸ்டிக் போதுமான அளவு கிடைக்காததால் கிடைத்த நிறத்தில் வார்த்து, மேலே வெள்ளை அடித்து, அதற்கு மேல் குதிரையின் நிறத்தைப் பூசினார்கள். சேகரிப்பவர்கள் இவற்றை ‘சாக்கி’ என்பார்கள், சாக்பீஸில் வரும் அதே சாக். ஒரு உலக நெருக்கடியின் தடயம் இந்தச் சின்னக் குட்டியின் குளம்பில் இருக்கிறது. காதில் கீறல், வால் நுனி தேய்ந்திருக்கிறது, எந்தக் குழந்தையோ ஆசை தீர விளையாடியிருக்கிறது. நான் அதில் ஒரு சொட்டு வண்ணம்கூட வைக்க மாட்டேன்.

சரி, வாங்கும்போது கவனிக்க வேண்டியவை. பின்னங்காலின் உட்புறத்தில் வட்டமாக நிறுவனத்தின் பெயர் அச்சாகியிருக்கும். அதனுடன் ‘யுஎஸ்ஏ’ என்ற எழுத்துகளும் இருந்தால் அநேகமாக 1970-ஐ ஒட்டியோ அதற்குப் பிறகோ வார்த்தது. இரண்டு பாதிகளை ஒட்டிச் செய்வதால் வயிற்றில் தையல் கோடு ஓடும். அது பிளந்திருந்தால் விட்டுவிடுங்கள். நிற்க வைத்துப் பாருங்கள், ஆடக் கூடாது. கடைசியாக மோந்து பாருங்கள். விற்பவர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை. வினிகர் வாடை வந்தால் கீழே வைத்துவிடுங்கள்.

அந்த வாடையை நான் நஷ்டப்பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். இவை செல்லுலோஸ் அசிடேட்டில் செய்தவை. அது சிதையும்போது அசிட்டிக் அமிலம் வெளியேறும், அதுதான் வினிகர் வாடை. வீடு மாறியபோது நான்கு குதிரைகளைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, ஒரு கோடை முழுக்கக் கூரைக்குக் கீழிருக்கும் பரணில் விட்டுவிட்டேன். திறந்தபோது ஒன்றின் உடல் சுருங்கிப் பிசுபிசுவென்று கசிந்துகொண்டிருந்தது, இன்னொன்றின் முன்னங்கால் வளைந்திருந்தது. வளைந்த காலை வெந்நீரில் சிறிது நேரம் வைத்து, மெதுவாக நிமிர்த்தி, குளிர்ந்த நீரில் பிடித்துச் சரிசெய்தேன். சுருங்கியதற்கு வைத்தியமே இல்லை. மகள் முதன்முதலில் வாங்கிய வெள்ளைக் குதிரை அதுதான். இன்றும் தூக்கிப் போட மனம் வரவில்லை, வாடை மற்றவற்றுக்குப் பரவாமல் இருக்கத் தனி அறையில் வைத்திருக்கிறேன். டப்பா வேண்டாம், பரண் வேண்டாம், ஜன்னலோர வெயிலும் வேண்டாம்.

இடம்தான் பிரச்சினை என்றால் ஸ்டேபிள்மேட் வகையைப் பாருங்கள். 1:32 அளவு, அதாவது நிஜக் குதிரையின் நீள உயரத்தில் 32-இல் ஒரு பங்கு, உள்ளங்கையில் அடங்கும். 1:9 அளவுள்ள ஒரு பெரிய குதிரை நிற்கும் இடத்தில் இவை ஒரு கூட்டமே நிற்கும். மகள் விடுமுறைக்கு வரும்போது நாங்கள் இருவரும் சேர்ந்து ஒன்று வாங்குவோம். என் எல்லைக்கு அந்த ஒரு விதிவிலக்கு உண்டு.

அடுத்து நான் தேடுவது அந்தப் பழைய வெஸ்டர்ன் ஹார்ஸ்தான். குதிரை அங்கங்கே கிடைக்கிறது. கழற்றி மாட்டும் சேணம் தொலைந்திருக்கும், அல்லது கடிவாளச் சங்கிலி அறுந்திருக்கும். இரண்டும் முழுதாக இருக்கும் ஒன்றுக்காக இரண்டாவது தட்டில் ஒரு இடத்தைக் காலியாக விட்டு வைத்திருக்கிறேன்.