செருப்பு கழன்றதும் தெரியவில்லை

கேள்வி: நாங்கள் மொரீஷியஸ் தீவின் ரோஸ் ஹில்லில் வசிக்கிறோம். 61 வயதாகும் என் கணவருக்கு 12 ஆண்டுகளாக நீரிழிவு, மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். 8 ஆண்டுகளாகச் சைவம். இரவில் பாதம் எரிகிறது என்கிறார். போன மாதம் ஒரு கால் செருப்பு கழன்றது தெரியாமலே கடை வரை நடந்து போயிருக்கிறார். நரம்புக்கு நல்லது என்று ஃபார்மசியில் தானாகவே வைட்டமின் பி மாத்திரை வாங்கி, தினம் இரண்டு விழுங்குகிறார். இது போதுமா? வரும் தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பதாகவும் வேண்டிக்கொண்டிருக்கிறார்.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, எரிச்சலைவிட அந்தச் செருப்புதான் எனக்குக் கவலை தருகிறது. பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிட்டது என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டியதில்லை. இதற்கு நீரிழிவே காரணமாக இருக்கலாம். ஆனால் மெட்ஃபார்மின், சைவ உணவு ஆகிய இரண்டுமே வைட்டமின் பி12 குறைவதற்கு வழி செய்பவை. மெட்ஃபார்மினைப் பல ஆண்டுகள் சாப்பிடும்போது குடல் பி12-ஐ உறிஞ்சுவது குறையக்கூடும். சைவர்களுக்கு இந்த வைட்டமின் பெரும்பாலும் பாலிலும் தயிரிலும்தான் கிடைக்கிறது. கீரையிலோ பருப்பிலோ அது இல்லை. நரம்பைச் சுற்றியுள்ள மயலின் உறை கெடாமலிருக்க அது தேவை. கல்லீரலில் சேர்த்து வைத்திருப்பது சில ஆண்டுகளுக்குத் தாங்கும் என்பதால் குறைபாடு தாமதமாகவே தலைகாட்டும். இரத்தசோகை இல்லாமலேயே நரம்பு பாதிக்கப்படுவதும் உண்டு.

அவர் விழுங்கும் மாத்திரையின் பெட்டியை இன்றே எடுத்துப் பாருங்கள். நரம்புக்கென்று விற்கப்படும் மாத்திரைகள் சிலவற்றில் பி6 மட்டுமே 100 மி.கி. அளவில் இருக்கும், உடலுக்கு ஒரு நாளில் தேவைப்படுவதோ 2 மி.கி.க்கும் குறைவு. அளவுக்கு மிஞ்சிய பி6 பல மாதங்கள் தொடர்ந்தால், அதுவே மரப்பையும் எரிச்சலையும் உண்டாக்கும். நோயும் மருந்தும் ஒரே மாதிரியான தொல்லையைக் கொடுக்கும்போது எது எதனால் என்று பிரித்தறிவது மருத்துவருக்கும் கடினம். ஆகவே தானாக வாங்கும் மாத்திரைகளை நிறுத்திவிட்டு, அந்தப் பெட்டியோடு மருத்துவரிடம் போய், பி12 அளவை இரத்தத்தில் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மெட்ஃபார்மினை மட்டும் நீங்களாக நிறுத்த வேண்டாம். பி12 குறைந்திருந்தால் ஊசியோ அதற்குரிய மாத்திரையோ தருவார்கள்; நரம்பு தேறப் பல மாதங்கள் ஆகும், நெடுநாள் போன உணர்ச்சி முழுவதும் திரும்பாமலும் போகலாம். பி12 சரியாகவே இருந்தால், இன்னும் வைட்டமின் கொடுப்பதில் பயனில்லை. சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதே வழி. முகம் கழுவக் கண்ணை மூடும்போது தள்ளாடினாலோ, இருட்டில் நடை தடுமாறினாலோ ஒரு நாள்கூடத் தாமதிக்காதீர்கள், தண்டுவடமும் பாதிக்கப்பட்டிருக்கலாம்.

காவடியைப் பற்றி மனம் நோகாமல் சொல்ல முயல்கிறேன். தைப்பூசம் நம் தீவில் கடுங்கோடையில் வருகிறது. கொதிக்கும் தார்ச்சாலையில் வெறுங்காலோடு நடந்தால் பாதம் வெந்துபோவதை அவர் உணரவே மாட்டார். ஆணிச்செருப்பை நினைத்தும் பார்க்கக் கூடாது. நேர்த்தியைக் கோவில் பிராகாரத்துக்குள்ளேயே நிறைவேற்ற வழி உண்டா என்று குருக்களிடம் கேளுங்கள். விரத நாள்களில் மாத்திரையின் அளவை மாற்ற வேண்டியிருக்கும் என்பதால், மருத்துவரிடம் அதையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். அதுவரை இரவுதோறும் நல்ல வெளிச்சத்தில் அவர் உள்ளங்காலையும் விரல் இடுக்குகளையும் நீங்களே பாருங்கள். கால் கழுவ வெந்நீர் எடுத்தால், அவர் பாதம் படுவதற்கு முன் உங்கள் முழங்கை அதில் படட்டும்.