கமாண்ட் லைன் டூலுக்கு எந்த டெம்ப்ளேட்? கேள்வி பதில்

பைத்தான், ரஸ்ட் பற்றிக் கேளுங்கள். விண்டோஸ் இன்ஸ்டாலர் என் ஏரியா இல்லை.

டெம்ப்ளேட்டிலிருந்து புது புராஜெக்ட் தொடங்க, குக்கிகட்டர், காப்பியர் இரண்டில் எதை எடுக்கலாம்?

முதல் நாள் பெரிய வித்தியாசம் தெரியாது. இரண்டும் நாலு கேள்வி கேட்டு ஒரு ஃபோல்டரை நிரப்பிக் கொடுக்கும். ஆறு மாதம் கழித்து, டெம்ப்ளேட்டை எழுதியவர் அதில் ஒரு பிழையைத் திருத்துகிறார் என்று வையுங்கள். அந்தத் திருத்தம் உங்கள் புராஜெக்ட்டுக்கு எப்படி வந்து சேரும்? காப்பியர் உங்கள் பதில்களையும் டெம்ப்ளேட்டின் பதிப்பையும் ஒரு யாம்ல் ஃபைலில் குறித்து வைக்கும். அப்டேட் கொடுத்தால், நீங்கள் செய்த மாற்றங்களை விட்டுவிடாமல் புதியதைச் சேர்க்கப் பார்க்கும். மோதல் வந்தால் நீங்கள்தான் தீர்க்க வேண்டும். குக்கிகட்டருக்கு இது தானாக வராது, கிரஃப்ட் என்ற துணை டூல் வேண்டும். ஒரே ஒரு புராஜெக்ட் என்றால் எதை எடுத்தாலும் சரி. பல புராஜெக்ட்டுகளை ஒரே மாதிரி வைத்திருக்க வேண்டுமென்றால் காப்பியர்.

அப்புறம், எதை எடுத்தாலும் ஓட்டும் முன் உள்ளே திறந்து பாருங்கள். குக்கிகட்டர் டெம்ப்ளேட்டின் ஹூக்ஸ் ஃபோல்டரில் இருக்கும் ஸ்கிரிப்ட் உங்கள் கணினியில் தானாக ஓடிவிடும். காப்பியராவது, டிரஸ்ட் என்று நீங்கள் சொன்னால்தான் அப்படிப்பட்டதை ஓட்டும்.

ரஸ்டுக்கு என்ன டெம்ப்ளேட்?

ரஸ்டின் கார்கோ நியூ கட்டளை. ஆப்ஷன்களைப் படிக்க கிளாப் என்ற லைப்ரரி. வேறொன்றும் வேண்டாம்.

டூலுக்கு 'டெஸ்ட்' என்று பெயர் வைத்தேன். ஓட்டினால் ஒன்றுமே வரவில்லை.

ஷெல்லுக்குள்ளேயே டெஸ்ட் என்று ஒரு கட்டளை உண்டு. ஓடியது அதுதான். பெயரை மாற்றுங்கள்.

டெம்ப்ளேட் கொடுத்த கோடு, 'ஆரம்பிக்கிறது...' என்று பிரிண்ட் செய்கிறது. ஜேசன் அவுட்புட்டை அடுத்த கட்டளைக்குப் பைப் செய்தால் உடைகிறது.

நல்ல கேள்வி. நிறைய டெம்ப்ளேட்டுகள் கோட்டை விடும் இடம் இது. டூலின் விடை மட்டும்தான் எஸ்டிடி அவுட்டில், அதாவது பைப் எடுத்துப் போகும் வழியில், போக வேண்டும். முன்னேற்றம், எச்சரிக்கை, பிழை எல்லாம் எஸ்டிடி எரர் என்ற தனி வழியில். பைத்தானின் லாகிங் சும்மா விட்டாலே அங்கேதான் எழுதும், பிரிண்ட்தான் இப்படிக் கெடுக்கிறது. கையோடு, டூல் முடியும்போது தரும் எண்ணான எக்ஸிட் கோடையும் பாருங்கள். வெற்றி என்றால் 0, தோல்வி என்றால் வேறு எண். பைத்தானில் ஆப்ஷன்களைப் படிக்கும் ஆர்க்பார்ஸ், தப்பான ஆப்ஷனுக்கு 2 தரும். பிழையைத் திரையில் காட்டிவிட்டு 0 தரும் டூலை எந்த ஸ்கிரிப்ட்டும் நம்ப முடியாது.

எது பெஸ்ட் டெம்ப்ளேட்?

முதல் பதில்.

நண்பர் ஒரு குக்கிகட்டர் டெம்ப்ளேட் அனுப்பினார். நேராக ஓட்டலாமா?

ஹூக்ஸ் ஃபோல்டர்! மேலே இப்போதுதான் எழுதினேன்.

ஏபிஐ கீயை ஆப்ஷனாக வாங்கலாமா?

கூடாது. அது பாஸ்வேர்டு மாதிரி ரகசியம். ஓடும் புரோகிராம்களைக் காட்டும் பிஎஸ் கட்டளையில் தெரியும், ஷெல் ஹிஸ்டரியிலும் தங்கும். ஃபைலிலிருந்து படியுங்கள்.

என் டெம்ப்ளேட்டில் சின்ன 'வி' ஆப்ஷன் என்றால் வெர்ஷன். சரியா?

எனக்குப் பிடிக்காது. கர்ல், எஸ்எஸ்எச், பைத்தான், கார்கோ நாலிலும் சின்ன வி வெர்போஸ், அதாவது நடப்பதை விரிவாகச் சொல்வது. பெரிய வி வெர்ஷன்.

நோடிலும் பிஎச்பியிலும் சின்ன வி வெர்ஷன்தானே? அவர்கள் தப்பா?

தப்பு என்று சொல்லவில்லை. ஆனால் அவை இரண்டும் மொழியை ஓட்டும் டூல்கள், முதலில் எந்தப் பதிப்பு என்றுதான் பார்ப்போம். உங்கள் டூல் ஃபைல்களை நகர்த்துகிறது. அது சிக்கும்போது கை தானாக அடிப்பது சின்ன வி. அப்போது ஒரு எண்ணை மட்டும் காட்டினால் எரிச்சல்தான் வரும்.

பைத்தானும் மொழியை ஓட்டுவதுதானே, சார்?

சரி, மடக்கிவிட்டீர்கள். கர்ல் இன்னும் என் பக்கம்தான்.

எதற்குச் சண்டை? நீளமான பெயர் மட்டும் வைத்தால்?

வெர்ஷனுக்கு ஒப்புக்கொள்கிறேன். வெர்போஸை முழுசாக அடிக்கச் சொன்னால் யாரும் அடிக்க மாட்டார்கள்.

குக்கிகட்டர் நல்லதா, காப்பியர் நல்லதா?

அடுத்த கேள்வி.

சின்ன 'எச்' எப்போதும் ஹெல்ப்தானே?

ஃபைல் பட்டியல் காட்டும் எல்எஸ்ஸில் அடித்துப் பாருங்கள், ஹெல்ப் வராது. டேட்டாபேஸ் டூலான பிஎஸ்க்யூஎல்லில் அது ஹோஸ்ட். உங்கள் டூலில் ஹெல்ப்பாகவே இருக்கட்டும்.