மென்பொருள் பயிற்சிக்கு இப்போதே பணம் கட்ட வேண்டுமா? மன்னார்குடித் தந்தை ஒருவருக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

கும்பகோணத்தில் கணினி அறிவியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் தங்கள் மகன் சென்னையில் ஒரு பயிற்சிக்குப் பெருந்தொகை கேட்பதாகவும், குறுவை அறுவடைப் பணத்தை அதற்குக் கொடுக்கலாமா என்றும் எழுதியிருக்கிறீர்கள். இப்போது கொடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து. அந்த வேலையின் அன்றாடத்தை அறிந்தால் காரணம் தங்களுக்கே விளங்கும்.

மென்பொருள் பணியாளர் நாள் முழுதும் கணினிக்கான கட்டளைகளை, அதாவது நிரலை, புதிதாக எழுதிக்கொண்டிருப்பதில்லை. காலையில் குழுவோடு ஒரு சிறு கூட்டம் முடிந்தபின், வேறொருவர் எப்போதோ எழுதிவிட்டுப் போன நிரலைப் படித்து, வாடிக்கையாளர் புகார் செய்த பிழை எந்த இடத்தில் பிறக்கிறது என்று தேடுவதிலேயே பெரும்பொழுது கழியும். அரை நாள் தேடித் திருத்துவது இரண்டே வரியாக இருக்கலாம். அதை ஏன் திருத்தினோம் என்று எழுதி, சோதனைகளை ஓட்டி, சக பணியாளரின் பார்வைக்கு அனுப்பி, அவர் கேட்கும் கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் சொன்ன பிறகே அது பயன்பாட்டுக்குப் போகும். செயற்கை நுண்ணறிவு இன்று நொடியில் நிரல் எழுதித் தருகிறது. தந்தது சரியா என்று படித்துப் பார்க்கும் பொறுப்பு மனிதரிடமே இருக்கிறது.

கருவிகளுக்குச் செலவில்லை. பைத்தான் என்னும் நிரல் மொழி, நிரலை எழுத உதவும் விஷுவல் ஸ்டுடியோ கோட், நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்க லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் உருவாக்கிய கிட் ஆகிய மூன்றும் இலவசம். ஐஐடிகள் இணையத்தில் நடத்தும் என்பிடெல் பாடங்களையும் கட்டணமின்றிக் கேட்கலாம். 8 ஜிபி நினைவகமுள்ள மடிக்கணினி இந்தக் கட்டத்துக்குப் போதும். (கேமிங் லேப்டாப்தான் வேண்டும் என்று அவர் சொன்னால், காரணத்தை நிதானமாகக் கேளுங்கள்.)

பயிற்சிக்குப் பதிலாக அவரிடம் ஒரு வேலையைக் கொடுங்கள். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் போட்ட 40 கிலோ மூட்டைகளின் எண்ணிக்கை, ஈரப்பதம், வரவேண்டிய தொகை, வங்கிக் கணக்கில் பணம் ஏறிய நாள் ஆகியவற்றைப் பதிந்துவைக்கும் சிறு செயலி ஒன்றை அவர் எழுதட்டும். சம்பா அறுவடையின்போது தாங்களும் பக்கத்து வயல்காரர்களும் அதைப் பயன்படுத்துங்கள். ஈரப்பதம் 17 என்பதை யாராவது 170 என்று தட்டிவிட்டால் என்ன ஆகும், கைப்பேசிக்குச் சிக்னல் கிடைக்காத இடத்தில் பதிவு எங்கே நிற்கும் என்பன போன்ற சிக்கல்கள் பாடப்புத்தகத்தில் எதிர்ப்படுவது அரிது. ஒவ்வொரு மாற்றத்தையும் குறிப்போடு கிட்டில் சேமித்துவந்தால் நேர்காணலில் காட்ட அவரிடம் ஒன்று இருக்கும். சான்றிதழ்க் கட்டைவிட நான் அதையே நம்புவேன்.

மூன்றாம் ஆண்டில் இன்டர்ன்ஷிப் (படிக்கும்போதே நிறுவனத்தில் செய்யும் பயிற்சிப் பணி) தேடும்போது, சென்னையோடு, தஞ்சாவூரில் 2024இல் திறக்கப்பட்ட நியோ டைடல் தகவல் தொழில்நுட்பப் பூங்காவிலும் விசாரிக்கச் சொல்லுங்கள். அதற்குள் செயலி ஒரு பருவமாவது ஓடி, இன்ன பகுதியில்தான் தனக்குக் குறை என்று அவரே சுட்டிச் சொன்னால், அந்த ஒன்றைக் கற்க மட்டும் பணம் கட்டலாம்.