மெயின்டனன்ஸ்: வீட்டுக்கு இவ்வளவா, சதுர அடிக்கு இவ்வளவா?

மகாராஷ்டிராவில் உங்கள் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கத்தில் சின்ன வீட்டுக்காரர்கள் சதுர அடிக் கணக்கு கேட்கிறார்கள், பெரிய வீட்டுக்காரர்கள் எல்லாருக்கும் சமம் என்கிறார்கள், எது நியாயம் என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் சின்ன வீட்டில், தரைத்தளத்தில் இருப்பவன். சதுர அடிதான் நியாயம் என்று கூட்டத்தில் குரல் உயர்த்தியும் பேசியிருக்கிறேன். மூன்று வருடம் பொருளாளராக இருந்து பில்களை ஒவ்வொன்றாகப் பார்த்தபோதுதான் என் எண்ணம் மாறியது. மொத்தச் செலவையும் ஒரே கணக்கில் பிரிக்க நினைப்பதால்தான் சண்டை வருகிறது.

வாட்ச்மேன் சம்பளம், பெருக்குவது, படிக்கட்டு விளக்கு, ஆடிட் கட்டணம் எல்லாம் சேர்ந்து மாதம் 48,000 ரூபாய் என்று வையுங்கள். 24 வீடு என்றால் தலைக்கு 2,000. இதையே சதுர அடியில் பிரித்தால், பாதி வீடுகள் 450 அடி, பாதி 900 அடி என்றால், சின்ன வீட்டுக்கு 1,333, பெரிய வீட்டுக்கு 2,667. ஆனால் பெரிய வீட்டுக்காக வாட்ச்மேன் இரண்டு மடங்கு காவல் காப்பதில்லையே! சங்கங்கள் பின்பற்ற மாநில அரசு வகுத்த மாதிரி துணைவிதிகளும் இந்தச் சேவைக் கட்டணத்தை வீட்டுக்குச் சமமாகத்தான் பிரிக்கச் சொல்கின்றன.

பெரிய வீடு கூடுதலாகத் தர வேண்டிய இடம் வேறு. பழுதுபார்ப்பு நிதிக்கு வீட்டின் கட்டுமானச் செலவில் ஆண்டுக்குக் குறைந்தது 0.75 சதவீதம், சிங்கிங் ஃபண்டுக்கு, அதாவது பிற்காலத்தில் வரும் பெரிய கட்டட வேலைகளுக்கான சேமிப்புக்கு, குறைந்தது 0.25 சதவீதம். கட்டுமானச் செலவு 12 லட்சம் என்றால் இரண்டும் சேர்த்து ஆண்டுக்கு 12,000. 24 லட்சம் என்றால் 24,000. என் அனுபவத்தில் பல கமிட்டிகள் இதைச் சரியாக வசூலிப்பதில்லை. மாதத் தொகை குறைவாகத் தெரியட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். அப்புறம் மொட்டைமாடி ஒழுகும்போது மொத்தமாகக் கேட்டால் ஓய்வூதியத்தில் வாழ்பவர் எங்கே போவார்? சின்ன வீட்டுக்காரர்கள் போராட வேண்டியது இதற்காகத்தான்.

தண்ணீர்க் கட்டணத்துக்கு வீட்டிலுள்ள குழாய் இணைப்புகளின் எண்ணிக்கையும் அளவும்தான் கணக்கு. சொத்து வரி மாநகராட்சி போடுகிறபடி.

லிஃப்ட்தான் கஷ்டமானது. பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும் அந்தக் கட்டடத்தில் உள்ள எல்லாரும் சமமாகத் தர வேண்டும் என்பது விதி. எங்கள் தளத்தில் ஒரு பாட்டி, "நான் அதில் ஏறினதே இல்லையேப்பா" என்றார். அவர் சொன்னது உண்மை. எனக்கும் மனசு சங்கடப்பட்டது. ஆனால் அவருக்கு விலக்கு கொடுத்தால் படியேறிப் போகும் முதல் மாடிக்காரரும், பூட்டிக் கிடக்கும் வீட்டின் சொந்தக்காரரும் அதையே கேட்பார்கள். கடைசியில் மேல்மாடியில் இருக்கும் நாலு பேர் தலையில் மொத்தமும் விழும். அதனால் நானும் கட்டுகிறேன், அவரும் கட்டினார்.

வாடகைக்கு விட்டவர்களிடம் கமிட்டி இஷ்டத்துக்குக் கூடுதல் கேட்கக் கூடாது. 2001 அரசாணைப்படி சேவைக் கட்டணத்தில் 10 சதவீதம்தான் உச்சம்.

அடுத்த பொதுக்குழுவுக்கு முன் போன வருடக் கணக்கை எடுத்து, எந்தச் செலவு எந்தக் கணக்கில் பிரிகிறது என்று வரி வரியாக எழுதி, கூட்ட நோட்டீஸோடு எல்லார் வீட்டுக்கும் கொடுங்கள். நாங்கள் அப்படிக் கொடுத்த வருடம், கூட்டத்தில் லிஃப்டைப் பற்றி மட்டும்தான் பேச வேண்டியிருந்தது.