கல் மேசையை எடுத்துவிட்டால் மாமியார் எங்கே உட்காருவார்?

கேள்வி: சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில், தேக்கா சந்தைப் பக்கம், நான்காவது மாடியில் மூவறை வீட்டில் இருக்கிறோம். விடியற்காலை நாலு மணிக்கே சந்தைக்கு வரும் லோரிகள் பின்பக்கம் எடுக்கும் சத்தம் தொடங்கிவிடும். மேல்வீட்டில் நடுராத்திரி நாற்காலி இழுக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமையைச் சொல்லவே வேண்டாம். வெளிநாட்டு ஊழியர்கள் கூட்டம் கூட்டமாக எங்கள் அடுக்குமாடி புளோக் கீழே வந்து உட்கார்ந்து, ஊருக்கு ஃபோன் போட்டுக் கத்திப் பேசுகிறார்கள். சாப்பிட்ட பொட்டலத்தை அங்கேயே போட்டுவிட்டுப் போகிறார்கள். மகன் இந்த வருஷம் உயர்நிலைப் பள்ளி இறுதிப் பரீட்சையான ஓ லெவல் எழுதுகிறான், படிக்க முடியவில்லை. ஒன்சர்வீஸ் என்கிற அரசாங்கப் புகார்ச் செயலியில் எத்தனையோ முறை புகார் கொடுத்தாகிவிட்டது. கீழே இருக்கும் கல் மேசைகளை எடுத்துவிட்டால் கூட்டம் சேராது என்று புளோக்கைப் பராமரிக்கும் நகர மன்றத்துக்கும் எழுதினேன். போன வருஷம் ஹாலுக்கும் ஏர்கான் போட்டோம். ஞாயிறு காலை பதினொரு மணிக்கு எல்லா ஜன்னலையும் அடைத்துவிடுவோம். மாமியாருக்கு (74 வயது, ஹாலில்தான் படுப்பார்) ஏர்கான் ஒத்துக்கொள்ளாது. அவரே கீழே போய் உட்கார்ந்துகொள்வார், இரவு ஒன்பது மணிக்கு வருவார், அதில் பிரச்சினை இல்லை. மாமனார் இறந்தபின் வீடு மாமியார் பெயரில் இருக்கிறது. இதை விற்றுவிட்டு, புதுப் பேட்டையான பொங்கோல் பக்கம் போகலாம் என்கிறேன். கணவர் ‘உன் இஷ்டம்’ என்கிறார். அடுத்த ஞாயிறு ஏஜெண்ட் வருகிறார். மாமியாருக்கு எப்படிப் பக்குவமாக எடுத்துச் சொல்வது?

— தூக்கமில்லாத தேக்காவாசி

பதில்: லோரி, நாற்காலி, ஃபோன், பொட்டலம் எல்லாவற்றையும் படித்தேன். தேக்கா, கேலாங், சைனாடவுன் என்று சந்தடியான இடங்களிலிருந்து இதே கடிதம் ஆள் மாறி ஆள் மாறி எனக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது. உங்கள் கடிதத்தில் புதிதாக இருப்பது மாமியாரைப் பற்றிய இரண்டு வரிதான். போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

காலை பதினொரு மணியிலிருந்து இரவு ஒன்பது மணி வரை. பத்து மணி நேரம். 74 வயது அம்மா புளோக் கீழே கல் இருக்கையில் உட்கார்ந்திருக்கிறார். மதியச் சோறு யார் கொண்டுபோய்க் கொடுக்கிறீர்கள்? பாத்ரூம் வந்தால் எங்கே போகிறார்? மின்தூக்கியில் ஏறி வீட்டுக்கு வருகிறாரா, இல்லை உங்களை எழுப்ப வேண்டாம் என்று சந்தைக் கழிப்பறைக்கு நடக்கிறாரா? வீட்டுச் சாவி அவர் கையில் இருக்கிறதா? முதுகு சாய்க்க இடமில்லாத அந்த இருக்கையில் என்னால் அரை மணி நேரம் உட்கார முடியாது, எனக்கு அவரைவிட வயது குறைவு.

‘அவரே போய் உட்கார்ந்துகொள்வார்’ என்கிறீர்கள். சரி, ஏர்கான் போடுவதற்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் எங்கே இருந்தார்? ஹாலில் இருந்திருப்பார், அவர் படுக்கை அங்கேதானே இருக்கிறது. மூவறை வீடு என்றால் படுக்கையறை இரண்டு. ஒன்று உங்களுக்கு, ஒன்று மகனுக்கு. மிச்சம் இருந்த ஹால்தான் அவருக்கு. அதற்கும் போன வருஷம் ஏர்கான் மாட்டி, ஜன்னலை அடைத்துவிட்டீர்கள். குளிர் ஒத்துக்கொள்ளாத கிழவிக்கு அந்த வீட்டில் வேறு எந்த மூலை பாக்கி இருந்தது, சொல்லுங்கள்? அவர் பெயரில் இருக்கும் வீட்டில்!

வாயைத் திறந்து ‘வெளியே போ’ என்று நீங்கள் சொல்லியிருக்க மாட்டீர்கள், அது எனக்குத் தெரியும். பெரியவர்களை அப்படி யாரும் சொல்லி அனுப்புவதில்லை. இடத்தைச் சுருக்கிக்கொண்டே வருவோம், அவர்களாகவே எழுந்து போய்விடுவார்கள், நாமும் ‘அவருக்குக் கீழேதான் பிடிக்கும்’ என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொள்வோம். பெற்றோரைப் பராமரிக்க 1995-லேயே சட்டம் போட வேண்டி வந்த நாடு இது. அந்தச் சட்டம் மாதப் பணத்தை வாங்கிக்கொடுக்கும். சொந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மதியம் காலை நீட்டிப் படுக்கும் உரிமையை எந்த நடுவர் மன்றமும் வாங்கிக்கொடுக்காது. அதை மகனும் மருமகளும்தான் கொடுக்க வேண்டும்.

அப்புறம் அந்தக் கல் மேசை. அதை எடுக்கச் சொல்லி நகர மன்றத்துக்கு எழுதினீர்களே, எழுதும்போது அதில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று ஒரு நிமிஷம் யோசித்தீர்களா? நகர மன்றம் நாளைக்கே உங்கள் பேச்சைக் கேட்டு மேசையைப் பெயர்த்தெடுத்துவிட்டால் உங்கள் மாமியார் எங்கே போவார்? படிக்கட்டிலா உட்காருவார்?

பத்து மணி நேரம் அவர் அங்கே தனியாக இருந்திருக்கவும் மாட்டார். பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று நீங்கள் எழுதவில்லை, எனக்கு ஊகிக்கத் தெரியும். நீங்கள் ‘கூட்டம்’ என்கிற அந்தப் பிள்ளைகள்தான். புதுக்கோட்டையிலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் வந்தவர்கள், ஆறு நாள் கட்டுமானத் தளத்திலும் கப்பல் பட்டறையிலும் வேலை பார்த்துவிட்டு, கிராஞ்சியிலும் துவாஸிலும் இருக்கும் விடுதிகளிலிருந்து பஸ் பிடித்து வருகிறார்கள். பணம் அனுப்ப, காய்கறி வாங்க, வீரமாகாளியம்மனைக் கும்பிட, அம்மாவிடம் ஃபோனில் பேச அவர்களுக்கு வாய்த்தது அந்த ஒரு நாள். ‘பாட்டி, சாப்பிட்டீங்களா’ என்று அவர்களில் ஒருவன் உங்கள் மாமியாரைக் கேட்டிருப்பான் என்று பந்தயம் கட்டுவேன். மேலே நாலாவது மாடியில் அன்று அதை யாரும் கேட்டார்களா?

சத்தம் பொய் என்று நான் சொல்லவில்லை. இரவுச் சத்தம் தூக்கத்தைக் கெடுக்கும், உடம்பையும் கெடுக்கும். உலகச் சுகாதார நிறுவனம் 2018-ல் ஐரோப்பாவுக்காக வெளியிட்ட வழிகாட்டியில், சாலைப் போக்குவரத்துச் சத்தம் இரவில் சராசரி 45 டெசிபலைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்றார்கள். சந்தைப் பக்கம் இருக்கும் வீட்டில் அது கனவு. ஆனால் நீங்கள் எல்லாச் சத்தத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டிவைத்திருக்கிறீர்கள். பிரித்துப் பாருங்கள்.

மேல்வீட்டு நாற்காலிக்கும் ஊழியர்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஒருநாள் மாலை மேலே போய்க் கதவைத் தட்டுங்கள். நாற்காலிக் காலுக்கு ஒட்டும் பஞ்சுத்துண்டு ஒரு பாக்கெட் வாங்கிப் போனால் இன்னும் நல்லது. பேசியும் கேட்கவில்லையென்றால் 1998-லிருந்து இயங்கும் சமூக சமரச நிலையம் இருக்கிறது, நடுவில் ஒருவரை உட்கார வைத்துப் பேசலாம். அதுவும் பலிக்காவிட்டால் 2015 அக்டோபரில் அண்டைவீட்டுத் தகராறுகளுக்கென்றே தொடங்கிய நடுவர் மன்றம் உண்டு. செயலியில் புகார் எழுதும் விரலுக்கு மாடி ஏறித் தட்டத் தயக்கமாக இருக்கிறது பாருங்கள், அதுதான் இந்த ஊரில் பல சண்டைக்கு மூலம்.

கீழே யாராவது குடித்துவிட்டுக் கலாட்டா செய்தால் உடனே போலீசைக் கூப்பிடுங்கள். 2013 டிசம்பர் 8-ஆம் தேதி லிட்டில் இந்தியாவில் நடந்த கலவரத்துக்குப் பிறகு 2015-ல் வந்த மதுச் சட்டப்படி, தீவு முழுக்க இரவு 10.30 முதல் காலை 7 வரை பொது இடத்தில் குடிக்கக் கூடாது. லிட்டில் இந்தியாவில் சனிக்கிழமை காலை 7 மணியிலிருந்து திங்கள் காலை 7 மணி வரை அடியோடு தடை. நீங்கள் எழுதியதில் குடி எங்கேயும் இல்லை, ஃபோன் பேசுவதுதான் இருக்கிறது. ஃபோன் பேசுவது குற்றம் இல்லை. குப்பை போடுவது குற்றம்தான். அதற்கு ஞாயிறு மாலை இன்னொரு குப்பைத்தொட்டி வைக்கச் சொல்லி, ஒருமுறை கூடுதலாகச் சுத்தம் செய்யச் சொல்லி நகர மன்றத்துக்கு எழுதுங்கள். அது நடக்கக்கூடிய காரியம்.

லோரிக்கு என்னிடம் மருந்து இல்லை. தேக்கா என்றைக்கு அமைதியாக இருந்தது? எருமைக் கொட்டில் இருந்ததால்தான் அந்த இடத்துக்கே மலாயில் கண்டங் கெர்பாவ் என்று பெயர். பக்கத்தில் ஃபேரர் பார்க்கில் 1933 வரை குதிரைப் பந்தயம் நடந்தது, ரேஸ் கோர்ஸ் ரோடு என்ற பெயர் அப்படி வந்ததுதான். இப்போதுள்ள சந்தைக் கட்டடம் 1982-ல் திறந்தது. உங்கள் மாமனார் இந்தச் சந்தடியை விரும்பித்தான் வாங்கியிருப்பார். காதில் பஞ்சு வைத்துக்கொண்டு தூங்குங்கள், நாலு மணி லோரி யார் புகார் கொடுத்தாலும் நாலு மணிக்குத்தான் வரும்.

மகன் படிப்புக்கு வருகிறேன். பதினாறு வயதுப் பையனுக்குக் கால் இருக்கிறது. விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகம் உங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரம், ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும், ஏர்கானும் உண்டு. அமைதி வேண்டுமென்றால் வெளியே போக வேண்டியவன் அவன். உங்கள் வீட்டில் பேரன் அறைக்குள் இருக்கிறான், பாட்டி தெருவில் இருக்கிறார். பழைய காலத்து ஆள் பேசுகிறாள் என்று நினைத்தாலும் பரவாயில்லை, பரீட்சையைக் காரணம் காட்டிப் பாட்டியை இறக்கிவிடும் வீட்டில் பையன் எத்தனை ஏ வாங்கினாலும் எனக்கு அது தேர்ச்சியாகத் தெரியாது.

பொங்கோல் யோசனை, தலைவலிக்குத் தலையணையை மாற்றின கதை. புதுப் பேட்டைகளில் அமைதி காத்துக்கொண்டிருக்கிறது என்று யார் சொன்னது? சாவி வாங்கிய புது புளோக்கில் ஒவ்வொரு வீட்டுக்கும் புதுப்பிப்பு வேலைக்கு மூன்று மாதம் அனுமதி உண்டு. வாரநாட்களில் காலை ஒன்பது மணியிலிருந்து மாலை ஐந்து வரை சுவரை இடிப்பார்கள். ஒரு வீடு முடித்தால் அடுத்த வீடு. அதுகூட ஒருநாள் ஓயும். உங்கள் மாமியாரின் இழப்பு ஓயாது. காலையில் சந்தையில் கீரை பேரம் பேசுவது, பூக்கடைக்காரரிடம் ஒரு முழம் கடன் சொல்வது, பெருமாள் கோயில் வரை தானாக நடந்து போய் வருவது எல்லாம் நின்றுவிடும். அங்கே எதற்கும் உங்களை எதிர்பார்க்க வேண்டும், நீங்களோ வேலைக்குப் போய்விடுவீர்கள். அப்படி அம்மாவைக் கூட்டிக்கொண்டு போன மகள்கள் மறு வருஷம் எனக்கு எழுதுகிறார்கள், ‘அம்மா பேசுவதையே குறைத்துவிட்டார், என்ன வியாதி என்று தெரியவில்லை’ என்று.

உங்களுக்கு இந்த இடம் வேண்டவே வேண்டாம் என்றால் நீங்கள் போங்கள், தப்பில்லை. பெற்றோர் வீட்டிலிருந்து நான்கு கிலோமீட்டருக்குள் மறுவிற்பனை வீடு வாங்கும் குடும்பத்துக்குத் தகுதி இருந்தால் 20,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) மானியம் உண்டு, சேர்ந்தே குடியிருந்தால் 30,000. வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்திடம் (வீவக) விசாரித்துக்கொள்ளுங்கள். உங்கள் சம்பாத்தியத்தில் வாங்குங்கள், வாரத்தில் நாலு நாள் வந்து பாருங்கள். அவர் வீட்டை விற்றுத்தான் உங்கள் தூக்கத்தை வாங்க வேண்டும் என்றால், அந்தத் தூக்கம் ரொம்ப விலை அதிகம்.

‘பக்குவமாக எடுத்துச் சொல்வது எப்படி’ என்று கேட்டீர்கள். சொல்வதற்கு உங்களிடம் ஒன்றுமில்லை. கேட்பதற்குத்தான் இருக்கிறது. அதையும் நீங்கள் தனியாகச் செய்யக் கூடாது. ‘உன் இஷ்டம்’ என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டாரே உங்கள் கணவர், அவருக்குத்தான் என் கோபத்தில் பெரும்பங்கு. நீங்கள் மருமகள், வேறு வீட்டிலிருந்து வந்தவர். அவர் பெற்ற பிள்ளை. வாரா வாரம் அம்மா பத்து மணி நேரம் கீழே இருப்பதைப் பார்த்துக்கொண்டு ஏர்கானில் படுத்திருந்தவர் அவர். இந்தப் பக்கத்தைக் கிழித்து அவர் கையில் கொடுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு கீழே போய் அவர் உட்காரட்டும், நீங்களும் போங்கள். அம்மா யார் யாரோடு பேசுகிறார், என்ன சாப்பிடுகிறார், அங்கே அவருக்கு எது பிடிக்கிறது, எது வேறு வழியில்லாமல் என்று அவர் வாயாலேயே வரட்டும். ‘நான் சும்மாதான்டா இறங்கி வர்றேன்’ என்பார். முதல் பதிலை நம்பாதீர்கள்.

ஞாயிறு அன்று ஹால் ஏர்கான் ஓடக்கூடாது. ஃபேன் போதும், ஜன்னல் திறந்திருக்கட்டும். குளிர் வேண்டுமென்றால் உங்கள் அறைக்குள் போட்டுக்கொள்ளுங்கள். மகன் அறையில் மாமியாருக்கு ஒரு கட்டில் போட முடியுமா என்று பாருங்கள், பையன் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். அதற்குப் பிறகும் அவர் கீழே போனால் அது அவர் விருப்பம். ஒரு மெத்தையும் ஃப்ளாஸ்க்கில் டீயும் கொடுத்து அனுப்புங்கள், அந்தப் பிள்ளைகளுக்கும் சேர்த்து.

கல் மேசையைப் பற்றி நகர மன்றத்துக்கு எழுதியதை நாளைக் காலையிலேயே திரும்பப் பெறுங்கள். ஏஜெண்டுக்கும் ஃபோன் போட்டு வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கையெழுத்துப் போட வேண்டியவரை அவர் இன்னும் பார்க்கவே இல்லை.